ஒளியால் மெசானைப் பிறப்பித்துப் புரோட்டானின் குவார்க்குகளை அறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் படிவ மாணவர்களுக்காக நடக்கும் எங்கள் இயற்பியல் வகுப்பில், பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரும், செம்பனை ஆலையில் வேலை முடித்து வரும் இளைஞர்களும் பின்வரிசையில் அமர்ந்து கேட்பது வழக்கம். புரோட்டானைப் பற்றிய பாடம் வந்தால் கேள்விகள் பின்வரிசையிலிருந்தே அதிகமாக எழுகின்றன. மீண்டும் மீண்டும் வரும் கேள்விகளுக்கான விடைகளை, வகுப்பில் சொல்ல நேரமில்லாத விளக்கங்களையும் சேர்த்து, இங்கே எழுதியிருக்கிறேன்.

புரோட்டானில் இரண்டு மேல் குவார்க்கும் ஒரு கீழ் குவார்க்கும் இருப்பது தெரிந்த செய்திதானே? இன்னும் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

அந்த விடை தவறன்று. ஆனால் முழுமையானதும் அன்று. புரோட்டான் போன்றவை குவார்க் என்னும் இன்னும் சிறிய துகள்களால் ஆனவை என்ற கருத்தை 1964இல் இயற்பியலாளர்கள் மரே கெல்மான், ஜார்ஜ் சுவைக் இருவரும் தனித்தனியே முன்வைத்தபோது, அது அன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்த ஏராளமான துகள்களை ஒழுங்காக வகைப்படுத்த உதவும் ஒரு கணக்காகவே பலருக்கும் தோன்றியது. மேல் குவார்க்கின் மின்னூட்டம் +2/3, கீழ் குவார்க்கின் மின்னூட்டம் −1/3. இரண்டு மேலும் ஒரு கீழும் சேர்ந்தால் புரோட்டானின் +1 வந்துவிடும், ஒரு மேலும் இரண்டு கீழும் சேர்ந்தால் நியூட்ரானின் சுழி வந்துவிடும். 1968 முதல் கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் உயர் ஆற்றல் எலெக்ட்ரான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டபோது, எதிர்பார்த்ததைவிட மிகுதியான எலெக்ட்ரான்கள் பெரிய கோணங்களில் சிதறின. புரோட்டானுக்குள் புள்ளி போன்ற கடினமான பொருள்கள் இருப்பதை அது காட்டியது. அந்தப் பணிக்காக ஃபிரீட்மன், கெண்டால், டெய்லர் மூவருக்கும் 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. புரோட்டானின் நிறை ஏறத்தாழ 938 மெகா எலெக்ட்ரான்வோல்ட் (இத்துறையில் நிறையையும் ஆற்றலின் அலகிலேயே சொல்வது வழக்கம்). மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் அதில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். புரோட்டான் வேகமாக ஓடும்போது அதன் உந்தத்தில் ஏறக்குறைய பாதியைக் குவார்க்குகள் சுமக்கவில்லை, அவற்றைப் பிணைக்கும் குளுவான்கள் சுமக்கின்றன. 1988இல், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் இயங்கிய ஐரோப்பிய மியூவான் குழுவின் முடிவுகள் வெளிவந்தபோது, புரோட்டானின் தற்சுழற்சியிலும் குவார்க்குகளின் தற்சுழற்சி சிறு பங்கையே தருகிறது என்று தெரிந்தது. இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இவற்றோடு, தோன்றி மறைந்துகொண்டே இருக்கும் குவார்க்கு–எதிர்க்குவார்க் இணைகளும் உள்ளே இருக்கின்றன. எனவே ‘மூன்று’ என்பது புரோட்டானின் மின்னூட்டத்தையும் வகையையும் தீர்மானிக்கும் நிகரக் கணக்கு. உள்ளே எந்த வகைக் குவார்க் எவ்வளவு இருக்கிறது, அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, தனித்தனியே ஓடுகின்றனவா அல்லது இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்று தனித்து நிற்கிறதா என்பவை வேறு கேள்விகள். மூன்று வண்ண உருண்டைகளை ஒரு வட்டத்துக்குள் வரைந்து காட்டும் படத்தை நான் வகுப்பில் பயன்படுத்தாததற்குக் காரணம், அந்தப் படம் இக்கேள்விகள் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுகிறது என்பதே.

மெசான் என்பது என்ன?

ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் இணைந்த துகள். மிக இலேசானது பியான். 1947இல் பிரிஸ்டலில் பவல் குழுவினர் ஒளிப்படக் குழம்பில் விண்கதிர்களின் தடங்களைப் பார்த்து அதைக் கண்டனர். மின்னூட்டமுள்ள பியானின் நிறை 139.6 மெகா எலெக்ட்ரான்வோல்ட், மின்னூட்டமற்றதன் நிறை 135. எல்லா மெசான்களும் குறுகிய ஆயுள் கொண்டவை. எதையும் சேமித்து வைக்க முடியாது.

புரோட்டான்மீது ஒளியைப் பாய்ச்சினால் மெசான் எப்படி வெளியே வரும்? அது முன்பே உள்ளே இருந்ததா?

இதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. தோட்டத்தில் செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று பார்க்க யாரும் மரமேறிக் குலையைப் பிளப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றி எத்தனை உதிரிப் பழம் விழுந்து கிடக்கிறது என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். வெளியே வந்ததைக்கொண்டு உள்ளே இருப்பதை அறிவது என்ற அளவில் புரோட்டான் ஆய்வும் அதுவே. ஆனால் ஒப்புமை அதோடு முடிந்துவிடுகிறது, ஏனெனில் உதிர்ந்த பழம் முன்பே குலையில் இருந்தது, மெசான் அப்படியன்று. உயர் ஆற்றல் ஒளித்துகள், அதாவது போட்டான், புரோட்டானால் விழுங்கப்படும்போது அதன் ஆற்றலின் ஒரு பகுதி புதிய குவார்க்கு–எதிர்க்குவார்க் இணையாக மாறுகிறது. அந்த இணையில் உள்ள எதிர்க்குவார்க், புரோட்டானின் பழைய குவார்க் ஒன்றோடு சேர்ந்து மெசானாக வெளியேற, புதிய குவார்க் பழைய இடத்தை நிரப்புகிறது என்பது ஒரு வழி. புதிதாய்ப் பிறந்த இணை அப்படியே சேர்ந்து வெளியேறுவது இன்னொரு வழி. ஆகவே வெளிவந்த மெசானை மட்டும் பார்த்து ‘இந்தக் குவார்க் உள்ளே இருந்தது’ என்று சொல்லிவிட முடியாது. எந்த ஆற்றலில், எந்தக் கோணத்தில், எந்தத் தற்சுழற்சியோடு, எத்தனை முறை வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே இருந்த அமைப்பைப் பற்றிப் பேச முடியும்.

புதிய நிறையை உண்டாக்க வேண்டியிருப்பதால் போட்டானுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று உண்டு. அசையாமல் நிற்கும் புரோட்டானிலிருந்து மின்னூட்டமற்ற பியானைப் பெற 144.7 மெகா எலெக்ட்ரான்வோல்ட் தேவை. பியானின் நிறை 135தானே, மீதி ஏன் என்று கேட்டால், மோதலின் உந்தத்தைச் சுமந்துகொண்டு புரோட்டான் பின்னால் நகர வேண்டியிருப்பதால் அந்தக் கூடுதல் செலவு. கனமான மெசான்களுக்கு இந்தச் செலவு மிகவும் ஏறும்: 3.1 கிகா எலெக்ட்ரான்வோல்ட் (ஒரு கிகா என்பது 1000 மெகா) நிறையுள்ள ஜே/சை மெசானைப் பெற 8.2 கிகா எலெக்ட்ரான்வோல்ட் போட்டான் வேண்டும்.

அமாங் மணலிலிருந்து காமா கதிர் வருகிறதே, அதனால் மெசான் உண்டாகாதா?

புக்கிட் மேராவின் அரிய மண் ஆலை விவகாரம் நினைவிலுள்ள பெரியவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களில் வெள்ளீயத்தைப் பிரித்தபின் எஞ்சும் அமாங்கில் மோனசைட் உண்டு. மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியத்தின் சிதைவுத் தொடரில் வரும் தாலியம்-208 வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 2.6 மெகா எலெக்ட்ரான்வோல்ட். கதிரியக்கப் பொருள்களைப் பொறுத்தவரை அது வலிமையான காமா கதிர்தான். ஆனால் மிக இலேசான பியானுக்கே அதைப்போல 55 மடங்கு தேவைப்படுகிறது. மணல் எத்தனை லாரி இருந்தாலும் இதில் மாற்றமில்லை, ஏனெனில் பல போட்டான்கள் தங்கள் ஆற்றலைக் கூட்டுச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒரு புரோட்டானிடம் கொடுப்பதில்லை. தோரியத்தின் உடல்நலக் கேடு இதற்குத் தொடர்பில்லாத, தனியே அஞ்ச வேண்டிய விஷயம்.

அப்படியானால் தேவையான போட்டான்கள் எங்கிருந்து வருகின்றன?

எலெக்ட்ரான்களிடமிருந்து. முடுக்கியில் வேகமெடுத்த எலெக்ட்ரான் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைக் கடக்கும்போது அணுக்கருவின் மின்புலத்தில் வளைந்து, தன் ஆற்றலில் ஒரு பகுதியைப் போட்டானாக இழக்கிறது. எவ்வளவு இழக்கும் என்பதை நாம் கட்டுப்படுத்த முடியாது; ஆனால் கண்டுபிடிக்க முடியும். தகட்டைத் தாண்டி வரும் எலெக்ட்ரானைக் காந்தம் ஒன்றால் வளைத்தால், மிச்சமிருக்கும் ஆற்றலுக்கேற்ப அது வெவ்வேறு இடத்தில் உணர்கருவியைத் தொடும். புறப்பட்டபோது 1600, இப்போது 900 என்றால் போட்டான் 700 மெகா எலெக்ட்ரான்வோல்ட் என்று எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு போட்டானுக்கும் இப்படி அடையாளச் சீட்டு ஒட்டிவிடுவதால்தான் இத்துறை இன்றைய நுட்பத்தை அடைந்தது. ஜெர்மனியில் மைன்ஸ் நகரின் மாமி முடுக்கி, பான் நகரின் எல்சா, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஜெஃபர்சன் ஆய்வகம் ஆகியவை இம்முறையில் இயங்கின, இயங்குகின்றன. ஜப்பானின் ஸ்பிரிங்-8இல் வேறு வழி: சேமிப்பு வளையத்தில் 8 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டில் சுற்றும் எலெக்ட்ரான்களை நோக்கி லேசர் ஒளியை எதிர்த்திசையில் அனுப்பினால், எலெக்ட்ரானால் திருப்பியடிக்கப்படும் போட்டான் 2.4 கிகா எலெக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றல் பெற்றுத் திரும்புகிறது.

பியானின் ஆயுள் அவ்வளவு குறைவென்றால், அது வந்தது எப்படித் தெரியும்?

மின்னூட்டமற்ற பியான் 10⁻¹⁶ விநாடிக்கும் குறைவான நேரத்தில் இரண்டு போட்டான்களாகச் சிதைந்துவிடுகிறது. கருவிக்குக் கிடைப்பது அந்த இரண்டு போட்டான்கள் மட்டுமே. மைன்ஸ் ஆய்வில் புரோட்டான் இலக்காகிய திரவ ஹைட்ரஜனைச் சுற்றி, சோடியம் அயோடைடு படிகங்கள் 672ஐ உருண்டையாக அடுக்கிய ‘கிரிஸ்டல் பால்’ என்னும் கருவி நிற்கிறது. ஸ்லாக்கில் கட்டப்பட்டு, ஹாம்பர்க்கிலும் புரூக்ஹேவனிலும் வேலை பார்த்துவிட்டு மைன்ஸுக்கு வந்து சேர்ந்தது அது.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஒரு படிகக் கூட்டத்தில் 200 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டும், அதிலிருந்து 46 பாகை தள்ளியுள்ள இன்னொரு கூட்டத்தில் 150 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டும் ஒரே கணத்தில் பதிவாகின்றன. இரண்டு ஆற்றல்களையும் பெருக்கி, அதை 2ஆல் பெருக்கி, ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்தால் வரும் எண்ணால் மறுபடி பெருக்கினால் தாய்த்துகளின் நிறையின் வர்க்கம் கிடைக்கும். 2 × 200 × 150 × 0.305 என்பது ஏறத்தாழ 18,300. அதன் வர்க்கமூலம் 135. வந்தது பியான். இதையே கோடிக்கணக்கான நிகழ்வுகளுக்குச் செய்து வரைபடம் போட்டால் 135இல் ஒரு கூர்முனையும், 548இல், ஈட்டா மெசானுக்கான இன்னொரு முனையும் எழுந்து நிற்கும். ஆறாம் படிவத்தில் முக்கோணவியல் எதற்கு என்று முணுமுணுக்கும் மாணவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் நான் கொடுக்கிறேன். மின்னூட்டமற்ற பியான் ஒளியால் பிறக்கிறது என்பதையே 1950இல் பெர்க்லியில் ஸ்டைன்பெர்கர், பனோஃப்ஸ்கி, ஸ்டெல்லர் மூவரும் இரண்டு போட்டான்களை ஒரே நேரத்தில் பிடித்துத்தான் காட்டினார்கள்.

எந்த மெசான் எந்தக் குவார்க்கைப் பற்றிச் சொல்லும்?

ஒவ்வொரு மெசானும் புரோட்டானிடம் நாம் கேட்கும் வெவ்வேறு கேள்வி என்று கொள்ளலாம்.

பியானில் மேல், கீழ் குவார்க்குகளும் அவற்றின் எதிர்க்குவார்க்குகளுமே உண்டு. போட்டானின் ஆற்றல் 340 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டை நெருங்கும்போது பியான் உற்பத்தி மலைபோல் உயர்கிறது. புரோட்டானின் மூன்று குவார்க்குகளில் ஒன்றின் தற்சுழற்சியைப் போட்டான் புரட்டிவிட, மூன்றும் ஒரே திசையை நோக்கி, தற்சுழற்சி 3/2 கொண்ட டெல்டா என்னும் நிலை உருவாவதே காரணம். 10⁻²³ விநாடிக்கும் குறைவான நேரத்தில் டெல்டா சிதைந்து பியானை உமிழ்கிறது. வெறும் தற்சுழற்சிப் புரட்டல் மட்டும் நடந்தால் வெளிவரும் பியான்களின் கோணப் பரவலுக்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் இருக்க வேண்டும்; 1997இல் மைன்ஸ் குழுவினர் அதிலிருந்து சிறு விலகலைக் கண்டனர். மின்வழிப் பங்குக்கும் காந்தவழிப் பங்குக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ −2.5 விழுக்காடு. சிறிய எண்தான், ஆனால் புரோட்டானும் டெல்டாவும் முழு உருண்டையாக இல்லை என்று அது சொல்கிறது.

ஈட்டா மெசான் ஒரு வடிகட்டி. அதன் ஐசோஸ்பின் (மேல், கீழ் குவார்க்குகளின் சேர்க்கையைக் குறிக்கும் ஒரு குவாண்டம் எண்) சுழியாதலால் டெல்டா வகை நிலைகள் ஈட்டாவையும் புரோட்டானையும் தந்து சிதைய முடியாது. பியான் ஆய்வில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து குழப்பும் நிலைகளில் பாதி இங்கே தாமாக விலகிவிடுகின்றன. 708 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டியவுடன் ஈட்டா உற்பத்தியை ஏறக்குறைய முழுவதும் ஆள்வது 1535 என்ற எண்ணால் அறியப்படும் ஒரே நிலை; மெகா எலெக்ட்ரான்வோல்ட்டில் அதன் நிறையே அந்த எண்.

கேயான் என்னும் மெசான் வெளிவந்தால், மேல், கீழ் இரண்டையும்விடக் கனமான விந்தைக் குவார்க் என்னும் வகையின் இணை ஒன்று புதிதாகப் பிறந்திருக்கிறது என்று பொருள்: எதிர் விந்தைக் குவார்க் கேயானோடு போக, விந்தைக் குவார்க் லாம்டா என்ற கனமான துகளில் தங்கிவிடுகிறது. இதற்கு 911 மெகா எலெக்ட்ரான்வோல்ட் தேவை. ஃபை மெசானோ ஏறக்குறைய முற்றிலும் விந்தைக் குவார்க்காலும் அதன் எதிர்க்குவார்க்காலும் ஆனது; ஜே/சை, அதைவிடவும் கனமான சார்ம் குவார்க்காலும் அதன் எதிர்க்குவார்க்காலும் ஆனது. புரோட்டானில் நிலையாக இல்லாத குவார்க்குகளால் இவை ஆனதால், புரோட்டானோடு இவை பேசுவது பெரும்பாலும் குளுவான்களின் வழியாகவே. குவார்க்குகளைத் தேடிப் போனவர்களுக்கு குளுவான்களை அளக்கும் கருவி கையில் கிடைத்தது இப்படித்தான்; ஹாம்பர்க்கில் எலெக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் மோதவிட்ட ஹீரா இயந்திரத்தில் 1992 முதல் 2007 வரை ஜே/சை மெசான்களை எண்ணியது இந்த நோக்கத்திலும்தான்.

குவார்க்குகள் மூன்று என்பதை மெசான் ஆய்வால் நேரடியாக எண்ண முடியுமா?

ஓரளவு முடியும், அதுவும் எனக்கு மிகவும் பிடித்த முறையில். போட்டான் புரோட்டானில் மோதி, மின்னூட்டமுள்ள பியானும் நியூட்ரானும் வெளிவரும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பியான் பெரிய கோணத்தில், பக்கவாட்டில் 90 பாகையில் வெளியேற வேண்டும் என்றால், உள்ளே உள்ள ஒவ்வொரு குவார்க்கும் தன் திசையை மாற்றிக்கொண்டு புதிய கூட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். பங்கேற்பவர் எத்தனை பேரோ அத்தனைக்கு அது அரிதாகும். 1973இல் பிராட்ஸ்கியும் ஃபாராரும் அமெரிக்காவிலும், மட்வேயேவும் அவர் கூட்டாளிகளும் சோவியத் நாட்டிலும் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார்கள். அடிப்படைத் துகள்களை எண்ணுங்கள்: போட்டான் 1, புரோட்டானின் குவார்க்குகள் 3, பியானில் 2, நியூட்ரானில் 3, கூடுதல் 9. அதில் 2ஐக் கழித்தால் 7. நிறைமையத்தில் நின்று அளந்த மொத்த மோதல் ஆற்றலின் வர்க்கம் எவ்வளவு பெருகுகிறதோ அதன் ஏழாம் அடுக்கில் நிகழ்வுகளின் வீதம் குறைய வேண்டும். அதாவது போட்டானின் ஆற்றல் 4இலிருந்து ஏறத்தாழ 8.5 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டாக உயர்ந்தால் அந்த வர்க்கம் இரட்டிக்கிறது. வீதம் 128இல் ஒன்றாகச் சரிய வேண்டும்.

1970களில் ஸ்லாக்கில் எடுத்த அளவீடுகள் ஏழாம் அடுக்கை ஒட்டியே அமைந்தன. பின்னாளில் ஜெஃபர்சன் ஆய்வகத்தின் அளவீடுகளும் அதை உறுதிசெய்தன. புரோட்டானில் இத்தகைய வினையில் நிகரமாகப் பங்கேற்பவை மூன்று என்பதற்கு இதைவிட எளிய சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நெருடலையும் சொல்லியாக வேண்டும்: கோட்பாட்டின்படி இந்த விதி மிக உயர்ந்த ஆற்றலில்தான் செல்லுபடியாக வேண்டும், சில கிகா எலெக்ட்ரான்வோல்ட்டிலேயே அது இவ்வளவு நன்றாகப் பொருந்துவது ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த விடை இல்லை.

‘காணாமற்போன நிலைகள்’ என்று சொல்கிறார்களே, அவை எவை?

மூன்று குவார்க்குகள் தனித்தனியே அசையக்கூடியவை என்று கொண்டு கணக்கிட்டால், புரோட்டானைத் தூண்டி எழுப்பக்கூடிய உயர்நிலைகள் ஏராளமாக வருகின்றன. பியான்களைப் புரோட்டானில் மோதவிட்டு நடத்திய பழைய ஆய்வுகளில் அவற்றுள் பல தென்படவில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டு குவார்க்குகள் இறுக ஒட்டி ஒன்றாக நடந்துகொண்டால் அசையும் வழிகள் குறைந்து நிலைகளும் குறையும். அப்படியென்றால் காணாமற்போனவை உண்மையிலேயே இல்லை. மற்றொன்று, அந்த நிலைகள் இருக்கின்றன, ஆனால் பியானோடு சேர்வதில் அவற்றுக்கு நாட்டம் இல்லாததால் பியான் ஆய்வில் அவை எழவே இல்லை. இரண்டாவது சரியென்றால் ஒளியால் எழுப்பி, கேயான் வழியே சிதைவதைப் பார்த்தால் அவை சிக்க வேண்டும்.

சிக்கின. ஜெஃபர்சன் ஆய்வகத்தில் 2012 வரை இயங்கிய கிளாஸ் கருவி எடுத்த கேயான்–லாம்டா தரவுகள் இதில் முன்னின்றன. துகள் தரவுக் குழு ஒவ்வொரு நிலையின் நம்பகத்தன்மைக்கும் நட்சத்திரம் வழங்குவது வழக்கம். 1900 என்ற எண்ணால் அறியப்படும் நிலை முன்பு இரண்டே நட்சத்திரத்தோடு ஐயத்தில் நின்றது, இப்போது நான்கு பெற்றுவிட்டது. இரண்டு குவார்க்குகள் எப்போதும் உறைந்து ஒட்டியிருக்கும் என்ற எளிய படத்துக்கு இது பாதகமான செய்தி. ஆனால் கணக்கு சொல்லும் எல்லா நிலைகளும் கிடைத்துவிட்டன என்று எண்ண வேண்டாம். இன்னும் பல கிடைக்கவில்லை.

எத்தனை மெசான் வந்தது என்று எண்ணினால் போதாதா? முனைவாக்கம், அதாவது அதிர்வையும் தற்சுழற்சியையும் ஒரே திசையில் ஒழுங்குபடுத்துவது, எதற்கு?

போதாது, இத்துறையின் உண்மையான உழைப்பு இங்கேதான் என்பது என் கருத்து. உயர்நிலைகள் அகலமானவை, ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. எண்ணிக்கையை மட்டும் வரைந்தால் இரண்டு நிலைகள் சேர்ந்த மேடும் ஒரே நிலையின் மேடும் ஒன்றுபோலவே தெரியும். ஒளியால் ஒரு பியானோ ஈட்டாவோ கேயானோ பிறக்கும் வினையை முழுமையாக விவரிக்க நான்கு சிக்கலெண்கள் தேவை. அளக்கக்கூடிய அளவுகள் பதினாறு. அவற்றுள் நன்கு தேர்ந்தெடுத்த எட்டையாவது அளந்தால்தான் ஐயமின்றி அந்த நான்கு எண்களையும் மீட்க முடியும் என்று கோட்பாட்டாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் போட்டானின் அதிர்வுத் திசை, இலக்கிலுள்ள புரோட்டானின் தற்சுழற்சித் திசை, வெளிவரும் கனமான துகளின் தற்சுழற்சித் திசை ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். உலோகத் தகட்டுக்குப் பதிலாக மெல்லிய வைரப் படிகத்தைச் சரியான கோணத்தில் நிறுத்தினால் போட்டான்கள் ஒரே தளத்தில் அதிர்கின்றன. பியூட்டனாலை மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் குளிரவைத்து, அதிலுள்ள ஹைட்ரஜன் கருக்களின் தற்சுழற்சியை ஒரே திசையில் நிறுத்தி, பல நாள்களுக்கு அப்படியே உறையவைக்கிறார்கள். மூன்றாவதுதான் கடினம், ஆனால் லாம்டாவின் விஷயத்தில் இயற்கையே உதவுகிறது. அது சில சென்டிமீட்டர் ஓடிவிட்டு, நூற்றுக்கு 64 முறை புரோட்டானாகவும் எதிர்மின் பியானாகவும் சிதையும்போது, அந்தப் புரோட்டான் லாம்டாவின் தற்சுழற்சி நோக்கிய பக்கமாகவே அதிகம் பறக்கிறது. தனிக் கருவி எதுவும் இல்லாமல் சிதைவின் திசையே தற்சுழற்சியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கேயான்–லாம்டா வினைமீது ஆய்வாளர்களுக்கு இவ்வளவு மோகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புரோட்டானுக்குள் விந்தைக் குவார்க் உண்டா, இல்லையா?

கண நேர இணைகளாக உண்டு, நிகரமாக இல்லை. எத்தனை விந்தைக் குவார்க் தோன்றுகிறதோ அத்தனை எதிர்க்குவார்க்கும் தோன்றுவதால் கணக்கு சுழியாகிவிடும். அவற்றின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. போட்டான் 1.57 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டும்போது பிறக்கும் ஃபை மெசான்களுள் சில, புரோட்டானுக்குள் முன்பே இருந்த விந்தை இணைகளைத் தட்டி வெளியேற்றியதால் வந்தவையாக இருக்கலாம் என்று 1990களில் எதிர்பார்க்கப்பட்டது. பெரும்பகுதி குளுவான் வழியாக வருவதால், மிச்சத்தைப் பிரித்தெடுப்பது எளிதாக இல்லை. 2005இல் ஸ்பிரிங்-8 குழு, 2 கிகா எலெக்ட்ரான்வோல்ட் அருகே முன்திசையில் எதிர்பாராத ஒரு மேட்டைக் கண்டது. அதற்கு விந்தைக் குவார்க்குதான் காரணம் என்று சொல்லிவிட இயலவில்லை. தெளிவான வரம்பு வேறு திசையிலிருந்து வந்தது: மைன்ஸிலும் ஜெஃபர்சன் ஆய்வகத்திலும் எலெக்ட்ரானின் தற்சுழற்சி இடமா வலமா என்பதைப் பொறுத்து அதன் சிதறலில் வரும் சிறு வேறுபாட்டை அளந்த ஆய்வுகள், புரோட்டானின் மின்னூட்டப் பரவலிலும் காந்தத் திறனிலும் விந்தைக் குவார்க்கின் பங்கு மிகச் சிறிது, சுழியோடு ஒத்துப்போகும் அளவுக்குச் சிறிது என்று முடிவு செய்தன.

ஐந்து குவார்க் துகளைக் கண்டுபிடித்துவிட்டதாக முன்பு செய்தி வந்ததே?

இரண்டு முறை வந்தது. 2003இல் ஸ்பிரிங்-8 குழு, கரியிலுள்ள நியூட்ரான்களில் போட்டானை மோதவிட்டு, 1540 மெகா எலெக்ட்ரான்வோல்ட் அருகே ஐந்து குவார்க்குகளாலான துகளின் அறிகுறி தெரிவதாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து பல ஆய்வகங்கள் தாமும் கண்டதாகக் கூறின. கிளாஸ் குழுவும் அவற்றுள் ஒன்று. பின்னர் கிளாஸ் குழுவே பன்மடங்கு அதிகமான தரவைத் திரட்டி மறுபடி பார்த்தபோது மேடு மறைந்துவிட்டது. குறைந்த நிகழ்வுகளில் தோன்றும் மேட்டை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பயனுள்ள பாடம் மாணவர்களுக்கு இல்லை.

இரண்டாவது செய்தி நிலைத்திருக்கிறது. 2015இலும் 2019இலும் செர்னின் எல்.எச்.சி.பி. குழு, புரோட்டானின் மூன்று குவார்க்குகளோடு சார்ம் இணை சேர்ந்த துகள்களைக் கண்டது. அவை ஜே/சையும் புரோட்டானுமாகச் சிதைவதால், ஜே/சையையும் புரோட்டானையும் தரும் ஒளிவழி வினையில் போட்டான் 9.4 முதல் 10.1 கிகா எலெக்ட்ரான்வோல்ட் வரை இருக்கும்போது அவை எழ வேண்டும். ஜெஃபர்சன் ஆய்வகத்தின் குளூஎக்ஸ் குழு 2019இல் தேடிப் பார்த்தது, எதுவும் தென்படவில்லை. அதனால் அத்துகள்கள் பொய்யாகிவிடவில்லை. ஜே/சை–புரோட்டான் இணையாகச் சிதையும் வாய்ப்பு குறைவு என்ற வரம்பு மட்டும் கிடைத்தது.

இவ்வளவு தாக்குதலில் புரோட்டான் உடைந்து, குவார்க் தனியே வெளியே வருமா?

வராது. இழுக்க இழுக்கச் செலவிடும் ஆற்றல் புதிய இணைகளாக மாறி மெசான்களே பிறக்கும். வினையின் முடிவில் புரோட்டானோ நியூட்ரானோ லாம்டாவோ அவற்றின் வகையைச் சேர்ந்த ஒன்று எப்போதும் மிஞ்சும்.

இயற்கையில் இது எங்காவது நடக்கிறதா?

நடக்கிறது. பெருவெடிப்பின் எச்சமாக விண்வெளி முழுவதும் நிரம்பியுள்ள நுண்ணலைப் போட்டான்கள் மிக வலுவற்றவை; ஆனால் 5 × 10¹⁹ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள விண்கதிர்ப் புரோட்டான் ஓடும் வேகத்தில், அதற்கு எதிரே அவை டெல்டாவை எழுப்பப் போதுமான போட்டான்களாகத் தெரிகின்றன. பியான்களை உமிழ்ந்து உமிழ்ந்து புரோட்டான் ஆற்றலை இழக்கும் என்று 1966இல் கிரைசனும், தனியே சட்செபினும் குஸ்மினும் கணித்தார்கள். நம் ஊரில் உள்ளங்கையை விரித்தால் விநாடிக்கு ஒன்று என்ற அளவில் கடந்துபோகும் மியூவான்களும் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) பியான்களின் பிள்ளைகளே. ஆனால் அந்தப் பியான்கள் மேல்வளிமண்டலத்தில் பெரும்பாலும் புரோட்டான்கள் காற்றின் அணுக்கருக்களில் மோதிப் பிறந்தவை, ஒளியால் அன்று.

மலேசியாவில் இருந்துகொண்டு இதைப் படிக்க வழி உண்டா?

உண்டு. இத்தகைய முடுக்கி நம் நாட்டில் இல்லை. சிலாங்கூரின் பாங்கியில் 1982 முதல் உள்ள ஆய்வு அணு உலை வேறு நோக்கத்துக்கானது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் துகள் இயற்பியல் மையம் செர்னின் சி.எம்.எஸ். ஆய்வில் பங்கேற்கிறது, ஒளியால் மெசானைப் பிறப்பிக்கும் ஆய்வு அதன் களம் அன்று என்றாலும், தரவைப் பிரித்தறியும் திறமை இரண்டுக்கும் பொதுவானது. எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதித் தேர்வு) மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியது, ஆற்றல்–உந்த அழிவின்மையை நான்கு கூறு வெக்டராக எழுதப் பழகுவதும், கணினியில் ஒரு நிரல்மொழியைக் கற்றுக்கொள்வதும். மேலே சொன்ன 144.7 என்ற எண்ணைத் தாமே வருவித்துப் பார்த்த மாணவர்கள், அடுத்த வாரம் ஃபை மெசானுக்கான 1.57ஐயும் வருவித்துக்கொண்டு வரலாம். புரோட்டானின் நிறை 938.3, ஃபை மெசானின் நிறை 1019.5 மெகா எலெக்ட்ரான்வோல்ட்.